நிலத்தை விற்றுப் போக வேண்டாம்

கேள்வி: நான் திருப்பூர்க்காரன். லூதியானாவில் ஒரு ஸ்வெட்டர் கம்பெனியில் நிட்டிங் மாஸ்டர். என்னிடம் மெஷின் ஓட்டும் 23 வயதுப் பையன், ஹோஷியார்பூர் பக்கம் விவசாயக் குடும்பம். ஆறு ஏக்கர், இவனும் அண்ணனுமாக இரண்டு பேர். நிலத்தில் ஒரு பகுதியை விற்று, ஏஜென்டுக்கு 15 லட்சம் கட்டி, போலந்தில் கோழி இறைச்சித் தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன் என்கிறான். போன வாரம் அவன் அப்பா என் ரூமுக்கே வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னால் கேட்பான், போகாதே என்று சொல்" என்றார். நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், லூதியானா

பதில்: தம்பி, அந்தப் பெரியவர் உங்கள் கையைப் பிடித்தார் என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனாலும் ‘போகாதே’ என்று நீங்கள் சொல்ல வேண்டாம். சொன்னாலும் நிற்க மாட்டான்.

அவன் ஊர் தோவாபா. பஞ்சாபில் பியாஸ் ஆற்றுக்கும் சட்லெஜ் ஆற்றுக்கும் நடுவே உள்ள பூமி. அங்கே வெளிநாடு போவது வீட்டை உதறிவிட்டு ஓடுவதல்ல, வீட்டு வழக்கம். அந்தப் பக்கம் போனால் மாடிகளைப் பாருங்கள், தண்ணீர்த் தொட்டியையே விமானம் மாதிரி கட்டி வைத்திருப்பார்கள். ஜலந்தர் அருகே தல்ஹன் குருத்வாராவில் விசா கிடைக்க வேண்டும் என்று பொம்மை விமானத்தைக் காணிக்கையாக வைக்கிறார்கள். அவன் பக்கமும் நியாயம் உண்டு: ஆறு ஏக்கர் பிரிந்தால் மூன்று. நெல்லும் கோதுமையும் மாறி மாறிப் போட்டு, போர்வெல்லை ஆழப்படுத்திக்கொண்டே போகிற மண் அது.

1950களில் இதே ஊர்க்காரர்கள்தான் லண்டன் சவுத்தாலில் ரப்பர் தொழிற்சாலையிலும், பர்மிங்காம் வட்டாரத்து இரும்பு வார்ப்புப் பட்டறைகளிலும் போய் நின்றார்கள். ஒருவன் அங்கிருந்து பணம் அனுப்புவான். ஊரில் இருப்பவன் அடகை மீட்பான், முடிந்தால் பக்கத்து வயலையும் வாங்குவான். நிலத்துக்காகப் போனார்கள். இப்போது போவதற்காக நிலம் போகிறது. எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்.

அந்த 15 லட்சத்துக்கு வருவோம். அரசிடம் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அவனுடைய ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பையனை உட்கார வைத்து, இரண்டு பேருமாகத் தேடுங்கள். அப்புறம் வேலை அனுமதிக் காகிதத்தைக் கேளுங்கள். போலந்தில் அதற்கு விண்ணப்பிப்பவர் அங்குள்ள முதலாளி. நிறுவனம், வேலை, சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘முதலில் வேறு நாட்டில் இறங்கு, அங்கிருந்து நம் ஆள் கூட்டிப்போவான்’ என்று பேச்சு வந்தால், அது டங்கி வழி, அதாவது நாடு நாடாகத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டுவது. எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம், அங்கே அனுமதியில்லாமல் இருந்த 104 இந்தியர்களை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. கையில் விலங்கு மாட்டி அழைத்துவந்தார்கள் என்று திரும்பியவர்களே சொன்னார்கள்.

காகிதமெல்லாம் சரியாக இருந்தால் போகட்டும். ஆனால் நிலத்தில் கை வைக்காமல் போகட்டும். அவன் பங்கைக் குத்தகைக்கு, அவர்கள் பேச்சில் ‘டேக்கா’வுக்கு, விடலாமே! வருஷத்துக்கு ஒரு தொகை வரும், திரும்பி வந்தால் நிற்க இடமும் இருக்கும். இன்னொன்று, கோழி வெட்டப் போகிறேன் என்பவன் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது. ஸ்வெட்டர் பின்னும் கம்ப்யூட்டர் பிளாட் நிட்டிங் மெஷினில் புரோகிராம் போடுவதை ஆறு மாதம் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுங்கள். கேட்கிற சம்பளமும் மாறும், போகிற தேசமும் மாறலாம். அப்பா கேட்டதைவிட நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் வாருங்கள். தூது போகாதீர்கள், எல்லோரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். இவ்வளவு எழுதிய நீங்கள், அந்த அண்ணன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. விற்கிற நிலத்துக்குப் பக்கத்தில் உழப்போகிறவன் அவன். முதலில் அவனிடம் கேளுங்கள்.