வாசகர் கேள்வி: ஆற்றங்கரைச் சுவரில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகன் பிரான்ஸில் போர்தோ என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். லீவு நாளில் ஆற்றங்கரையில் நின்று எடுத்த படங்களை அனுப்பியிருந்தான். "இந்தக் கரையெல்லாம் உலக மரபுரிமை அம்மா" என்கிறான். எனக்குத் தெரிவது ஒரு கல் சுவரும் பழுப்புத் தண்ணீரும்தான். சுவருக்கு ஏன் இத்தனை மரியாதை?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: உங்கள் மகன் சொன்னது சரிதான், தங்கச்சி. 2007இல் யுனெஸ்கோ அந்த ஊரை 'நிலாத் துறைமுகம்' என்ற பெயரோடு பட்டியலில் சேர்த்தது. கரோன் ஆறு அங்கே பிறை மாதிரி வளைந்து போகிறது, பெயர் அதனால் வந்தது. கடல் சுமார் 100 கிலோமீற்றர் தள்ளி இருந்தாலும் வற்றுப்பெருக்கு ஊர் வரைக்கும் ஏறி வரும். அது கலக்கிவிடும் வண்டல்தான் அந்தப் பழுப்பு, அழுக்கு என்று நினைக்க வேண்டாம்.

தண்ணீர் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் கரையில் சுவர் கட்டுவது லேசான வேலை இல்லை. ஆறு நிறைந்திருக்கும்போது பயமில்லை, தண்ணீரே முன்னால் நின்று சுவரைத் தாங்கிக்கொள்ளும். ஆறு இறங்கும்போதுதான் ஆபத்து. சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறிய தண்ணீர் அவ்வளவு வேகமாக வடியாது. அது சுவரை ஆற்றுப் பக்கம் தள்ளும். அதனால்தான் பழைய கரைச்சுவர்களை அடியில் அகலமாகவும், மேலே போகப் போக ஒடுக்கமாகவும் கட்டினார்கள். அடிநிலம் சேறாக இருந்த ஊர்களில் மரக்குற்றிகளை நெருக்கி அடித்து இறக்கி, அவற்றின் மேல் சுவரை எழுப்பினார்கள். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும்வரை அந்த மரம் நூறு இருநூறு வருடம் தாங்கும். காற்றுப் பட்டால் உளுத்துப் போகும்.

என் அப்பா தோட்டத்தில் கல்லுக்கட்டு வேலை செய்தவர். ஆற்றுத் துறைமுகம் எதையும் அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எனக்கு முதலில் சொல்லித்தந்தது இதைத்தான்: "கல்லைப் பாக்காத, கல்லுக்குப் பின்னால தண்ணி எங்க போகுதுன்னு பாரு." மூன்று நான்கு கல்லுக்கு ஒரு கல்லை நீளவாக்கில் உள்ளே செலுத்தி வைப்பார், மண்ணைக் கவ்விப் பிடிக்கட்டும் என்று. இடைவெளியில் சல்லியைத் திணிப்பார். சாந்து கிடையாது, தண்ணீர் எல்லா இடுக்கிலும் வடிந்துவிடும். அவர் கட்டிய சுவருக்கு மேலே தேயிலை நிற்கிறது, கீழே இன்றும் சனம் நடக்கிறது.

சுவரைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் இருக்கிறது. அங்கே 2020 செப்டம்பர் 1ஆம் திகதி, பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் பக்கத்திலே கரைச்சுவரின் ஒரு துண்டு அப்படியே கால்வாய்க்குள் சரிந்தது. படகையும் கைவண்டியையும் நினைத்துக் கட்டிய சுவர்கள் அந்த ஊரில் ஏராளம். இன்று அவற்றின் மேல் லொறி ஓடுகிறது.

சரி, மரபுரிமைக்கு வருகிறேன். மகனிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த முறை தூரத்தில் நின்று படம் எடுக்காமல், சுவரை ஒட்டி நின்று பார்க்கட்டும். பழைய துறைகளில் படகு கட்டிய இரும்பு வளையம் இருக்கும். கயிறு உரசி உரசிக் கல்லில் விழுந்த பள்ளம் இருக்கும். படிகளின் நடுப்பகுதி கால் பட்டுத் தேய்ந்திருக்கும். எத்தனை பீப்பாய் வைன் ஏறியது என்று வியாபாரியின் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். பீப்பாயை உருட்டியவன் பெயரை எழுதியிருக்க மாட்டார்கள். அவன் அங்கே நின்றதற்கு அந்தத் தேய்மானம்தான் அத்தாட்சி. பழுதுபார்க்கிறேன் என்று தேய்ந்த கல்லைப் பிடுங்கிவிட்டு மினுங்கும் புதுக்கல்லை வைத்தால் அந்த அத்தாட்சி போயிற்று. எனக்கு அது கல்லறையை இடிப்பதற்குச் சமம்.

அந்தக் கரையின் கதை முழுக்க அழகானது இல்லை. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன கப்பல்கள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களை ஏற்றிக்கொண்டு போய்க் கரீபியத் தீவுகளில் அடிமைகளாக விற்றன. அப்படிக் கொண்டுபோகப்பட்ட மொதெஸ்த் தெஸ்தாஸ் என்ற பெண்ணுக்கு 2019இல் அதே ஆற்றங்கரையில் சிலை வைத்தார்கள். மகன் அதைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது. நம் முன்னோரும் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழி நடந்தவர்கள்தானே. 2023இல் அவர்கள் வந்த 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது நானும் ஒரு நாள் சேர்ந்து நடந்தேன். வழியில் தொட்டுப் பார்க்க ஒரு பழைய கல்லாவது இருக்காதா என்று என் கண் தேடிக்கொண்டே வந்தது.

கேள்வி: பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டக்கூடிய, தண்ணீரோரத்துப் பழைய சுவர் மலையகத்தில் எது ஐயா?
- ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: கண்டி வாவி, டீச்சர். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 அளவில் அமைக்கத் தொடங்கியது. கரையோரம் அலை அலையாகப் போகும் சுவரைச் சிங்களத்தில் 'வலாகுளு பம்ம' என்பார்கள், மேகச் சுவர் என்று அர்த்தம். விளக்கு வைக்கும் முக்கோண மாடங்களைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும். சுவர் முழுதாக முடியவில்லை, 1815இல் ஆங்கிலேயர் கைக்கு இராச்சியம் போய்விட்டது. முடியாமல் நிற்பதையும் அவர்களிடம் காட்டுங்கள்.

ஆனால் உங்கள் ஊரை விட்டுவிட்டு ஏன் கண்டிக்குப் போக வேண்டும்? மவுஸாகலை நீர்த்தேக்கத்துக்காக மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் கற்கள் வறட்சிக் காலத்தில் வெளியே தெரியுமே. அந்த ஊரில் வாழ்ந்த தாத்தா பாட்டி இன்னும் யாராவது இருந்தால், அவர்களையும் கரைக்குக் கூட்டிப் போங்கள். எந்தக் கட்டு எந்தக் கடைக்கு முன்னால் இருந்தது என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கொப்பியில் வரைந்து கொள்ளட்டும்.

கேள்வி: எங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள கல்லுக்கட்டு வயிறு தள்ளி நிற்கிறது. சீமெந்து பூசினால் நிற்குமா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: பூசாதீர்கள், தம்பி. இடுக்கெல்லாம் அடைபட்டால் மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கித் தள்ளும். அப்படிப் பூசி மெழுகிய ஒரு கட்டு அடுத்த மழைக்கே படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். மேலே உள்ள கானை வெட்டித் தண்ணீரைப் பக்கத்துக்குத் திருப்புங்கள். தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை, மழை இரவுகளில் அந்தப் பக்கத்து அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள்.