காரோடு சேர்ந்து வரும் சாமான்கள்: கேள்வி-பதில்

பழைய கார் வைத்திருப்பவர் வீட்டில் கார் மட்டும் இருந்து நான் பார்த்ததில்லை. ஷெட் சுவரில் பெட்ரோல் கம்பெனி போர்டு, அலமாரியில் பொம்மைக் கார், பரணில் ஆயில் டின் என்று ஏதாவது இருக்கும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தச் சாமான்களைப் பற்றித்தான். கார் வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிறவர்கள் இதை வாங்கும்போது யாரிடமும் கேட்பதில்லை போலிருக்கிறது.

காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் ‘பர்மா-ஷெல்’ எனாமல் போர்டு பார்த்தேன். 1920ஆம் வருடத்தது, பெரிய செட்டியார் வீட்டு கார் ஷெட்டிலிருந்து வந்தது என்கிறார் கடைக்காரர். விலை 22 ஆயிரம். என்னிடம் 1965 மாடல் அம்பாசிடர் இருக்கிறது. வாங்கலாமா? – வாசகர், பள்ளத்தூர்

1920 என்று சொன்ன இடத்திலேயே கணக்கு இடிக்கிறது. பர்மா ஆயில், ஷெல் இரண்டும் இந்தியாவில் விற்பனைக்காகச் சேர்ந்து பர்மா-ஷெல் ஆனது 1928இல்தான். 1976இல் அரசு அதை எடுத்துக்கொண்டது, பிறகு பாரத் பெட்ரோலியம் ஆனது. ஆக, அந்தப் பெயர் போட்ட அசல் போர்டு எதுவானாலும் இந்த 48 வருடத்துக்குள் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இதற்காகப் போர்டே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். கடைக்காரர் வாய்க்கு வந்த வருடத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ‘1920’ என்பதற்காக அவர் ஏற்றிய விலையை நீங்கள் தைரியமாக இறக்கலாம்.

மற்ற பெட்ரோல் கம்பெனிப் பெயர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஸ்டான்வாக் என்றால் 1933 முதல் 1962 வரை. எஸ்ஸோ பெயர் இங்கே அதற்குப் பிறகு வந்தது, 1974இல் அரசிடம் போய் இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிவிட்டது. கால்டெக்ஸ் கம்பெனியே 1936இல் பிறந்தது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அடுத்து கையால் பாருங்கள். எனாமல் என்பது பெயிண்ட் அல்ல, இரும்புத் தகட்டின் மேல் சூளையில் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடி. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் போட்டுச் சுட்டிருப்பார்கள். அதனால் மஞ்சளும் சிவப்பும் சேரும் ஓரத்தில் விரல் நுனியை ஓட்டினால் சின்ன மேடு தட்டும். இன்று அச்சடித்து வரும் நகலில் எல்லாம் ஒரே சமமாக இருக்கும். பழைய போர்டு கனமானது. அடி வாங்கிய இடத்தில் சிப்பி உடைந்தாற்போல் சில்லு பெயர்ந்து, உள்ளே கறுப்பாக அடிப்பூச்சும் நடுவில் துருவும் தெரியும். ஆணித் துளையைச் சுற்றி எனாமல் தெறித்திருப்பது நல்ல அறிகுறி. சுவரில் முடுக்கும்போது தெறித்தது அது. துளை ஓரம் அப்படியே முழுசாக இருந்து, போர்டு முழுக்க ஒரே மாதிரி ஆரஞ்சு நிறத் துரு படர்ந்திருந்தால், உப்புத் தண்ணீரோ ஆசிடோ ஊற்றிய துரு என்று சந்தேகப்படுங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, பின்பக்க மூலையில் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேயுங்கள். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. பெயிண்டாக இருந்தால் பஞ்சில் நிறம் ஏறிவிடும். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத கடையில் நான் வாங்குவதில்லை.

தமிழ் எழுத்துள்ள போர்டு என்றால் இன்னும் எளிது, இது நமக்கு மட்டும் கிடைத்த வசதி. 1978இல்தான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்து, லை, னை போன்ற எழுத்துகளை இன்றைய வடிவத்துக்கு மாற்றியது. பெரியார் தன் பத்திரிகையில் 1935இலிருந்தே அப்படி அச்சிட்டார் என்றாலும், எண்ணெய்க் கம்பெனி போர்டெல்லாம் பழைய வழியில்தான் எழுதப்பட்டது. ‘விலை’, ‘விற்பனை’ என்ற சொற்களில் லையும் னையும் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். 1940 போர்டு என்று காட்டி, அதில் இன்று நாம் எழுதுகிற மாதிரி லை இருந்தால் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடலாம். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தியது அல்ல. ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். அணாக் கணக்கு, காலன் கணக்கு என்றால் அதற்கும் முந்தியதாக இருக்கலாம்.

அப்புறம் அந்த ‘செட்டியார் வீட்டுச் சாமான்’. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் தூண், கதவு, ரவிவர்மா படம், ஸ்வீடன் எனாமல் சட்டி என்று உண்மையாகவே இந்த வீடுகளிலிருந்து இறங்கிய சாமான் நிறைய உண்டு. ஆனால் அந்தக் கதை எந்தச் சாமானுக்கும் பொருந்தும், சொல்வதற்குச் செலவும் இல்லை. நானே ஒரு முறை, கானாடுகாத்தான் வீட்டில் இருந்த ஹாரன் என்று ஒருவர் சொன்னதை நம்பி ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன் ஒன்று வாங்கினேன். வீட்டில் வந்து பந்தை அழுத்தினேன், பூ மாதிரி மெத்தென்று அமுங்கிச் சத்தமாக ஊதியது. எண்பது வருட ரப்பர் நம் ஊர் வெயிலில் அப்படியா இருக்கும்? வெடித்துப் பொடியாகியிருக்கும். சரி, பந்தை மாற்றியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பித்தளையைப் பார்த்தால், வெளியே கறுத்திருந்த ஹாரனின் உள்பக்கம் புத்தம் புதிதாக மின்னியது. இப்போது அது பேரன் விளையாடும் சாமான்.

உங்கள் போர்டு சோதனையில் தேறினால் வாங்குங்கள். ‘அசல் எனாமல், 1976க்கு முந்தியது’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிகம் என்கிறது. எழுதிக் கேட்டதுமே பல கடைகளில் விலை தானாக இறங்கும், அது ஒரு வேடிக்கை. இன்னொன்று: 1965 அம்பாசிடருக்குப் பக்கத்தில் 1950, 60களின் போர்டுதான் பொருத்தம். பழசு பழசு என்று பின்னால் போய் ஏன் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள்?

‘1950களின் டிங்கி, அசல் பெயிண்ட்’ என்று ஆன்லைனில் போட்டிருந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு பொம்மைக் கார் வாங்கினேன். வந்ததைப் பார்த்தால் பெயிண்ட் பளபளக்கிறது, அடித்தகட்டில் ஸ்க்ரூ இருக்கிறது. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். – வாசகர், புதுக்கோட்டை

ஸ்க்ரூதான் சாட்சி. டிங்கி என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பொம்மைக் கார்களில் அடித்தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்திருப்பார்கள். பெயிண்டைச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டுமானால் ரிவெட்டைத் துளைத்து எடுத்தாக வேண்டும், மூடும்போது ஸ்க்ரூ போடுவார்கள். மறுபெயிண்ட் அடித்த பொம்மை மோசம் என்று இல்லை, ஆனால் அதை ‘அசல் பெயிண்ட்’ என்று விற்கக் கூடாது.

விற்றவர் இதையே தொழிலாகச் செய்கிறவர் என்றால் உங்கள் பக்கம் பலம் உண்டு. விளம்பரத்தின் படம், சாட், பணம் அனுப்பிய விவரம், பெட்டியைப் பிரித்தபோது எடுத்த போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். நகரவில்லை என்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் விற்றவர் உங்களைப் போல ஒரு சேகரிப்பாளர், தன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து விற்றார் என்றால் இந்தச் சட்டம் அவ்வளவாகக் கைகொடுக்காது. நீங்களும் லாபத்துக்கு மறுபடி விற்கத்தான் வாங்கினீர்கள் என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் நுகர்வோரே இல்லை.

டிங்கி தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வார்ப்புகளில் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டதால் உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து உதிரும். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும், மருந்து கிடையாது. சிலந்தி வலை போல விரிசல் தெரிந்தால் தொடாதீர்கள். என்னைக் கேட்டால் ‘நிக்கி’ பொம்மைகளைத் தேடுங்கள் என்பேன். டிங்கியின் பழைய அச்சுகள் 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்து, அடித்தகட்டில் பெயரை மட்டும் நிக்கி என்று மாற்றி வார்த்தவை அவை. வார்ப்பும் பெயிண்டும் கொஞ்சம் முரடுதான். ஆனால் நம் நாட்டுச் சரித்திரம் அதில் இருக்கிறது, போலி செய்யவும் யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

எங்கள் ஐயா 1930களில் கார் வைத்திருந்தார். கார் எப்போதோ போய்விட்டது. ஒரு டிரங்குப் பெட்டியில் கையேடு, ஸ்பேனர்கள், ஆட்டோமொபைல் சங்கத்து பேட்ஜ், கார்பைடு விளக்கு ஒன்று, ரேடியோ லைசென்ஸ் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. பழைய சாமான் எடுப்பவர் மொத்தத்துக்கும் ஒரு விலை சொல்கிறார். மலேசியாவில் இருக்கும் தம்பி மகன் தனக்கு அனுப்பச் சொல்கிறான். பாலிஷ் போட்டு வைக்கலாமா? – வாசகி, தேவகோட்டை

முதலில் பாலிஷ் டப்பாவைக் கீழே வையுங்கள், ஆச்சி. புளி, சாம்பல், பிராஸோ எதுவும் வேண்டாம். பேட்ஜ் 1930க்கு முந்தியது என்றால் அதில் பெரும்பாலும் நிக்கல் முலாம் இருக்கும், குரோம் அப்புறம்தான் பரவியது. தேய்த்தால் அந்த மெல்லிய நிக்கல் போய் அடியில் உள்ள பித்தளை தெரியும், மதிப்பும் அதோடு போகும். வரிசை எண் அடித்திருந்தால் குறித்து வையுங்கள். அதை வைத்து வருடத்தைத் தேடலாம். விளக்குக்கு உலர்ந்த துணி போதும்.

மொத்த விலைக்குக் கொடுக்காதீர்கள். அப்படிக் கேட்பவருக்கு அந்தப் பெட்டியில் ஏதோ ஒரு சாமான் வேண்டும், எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் விஷயம். ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, காரின் பெயர் தெரிந்தால் அந்த கார் வைத்திருப்பவர்களிடம் காட்டுங்கள். கையேடு தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் தபாலாபீஸ் முத்திரையும் ஐயாவின் பெயரும் இருக்குமே, அதை நான் விற்கவே மாட்டேன்.

காகிதத்துக்கு எமன் இராமபாணப் பூச்சி. இரும்புப் பெட்டியில் அடைத்து வைத்தால் வெயில் காலத்தில் காகிதம் வறுபட்டதாகிவிடும். பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல், காற்றாடும் அலமாரியில் வையுங்கள்.

மலேசியாவுக்கு அனுப்புவதில் மட்டும் நிதானம் வேண்டும். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான பொருள் ‘தொல்பொருள்’ ஆகக்கூடும், அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. கார்பைடு விளக்கு, கார்களில் மின்விளக்கு பரவுவதற்கு முந்திய வகை என்பதால், அந்த வயதைத் தாண்டியதாக இருக்க வாய்ப்புண்டு. நூறாகாத பொருள் என்றாலும் சுங்கத்தில் நிறுத்தினால், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக் காட்ட வேண்டியிருக்கும். தம்பி மகன் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

பழைய பெட்ரோல் டின் வாங்கினேன், இன்னும் வாசம் வருகிறது. வீட்டுக்குள் வைக்கலாமா? – வாசகர், கொத்தமங்கலம்

வாசம் போகிற வரை கூடாது. காலி டின்னில் உள்ள ஆவிதான் ஆபத்து, நிறைந்த டின்னைவிட அதிகம். மூடியைத் திறந்து, அடுப்பும் விளக்கும் இல்லாத வெட்டவெளி நிழலில் வையுங்கள். ஓட்டையை அடைக்க வெல்டிங் பட்டறைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு பத்மினி கார் வைத்திருக்கிறார், அது ஓடுவதே இல்லை. ஆனால் வீட்டின் இரண்டாம் கட்டு முழுக்க ஹாரன், வீல் கப், ஆயில் டின், போர்டு. மாதாமாதம் புதிதாக ஒன்று வருகிறது. எதை வைப்பது, எதை விற்கச் சொல்வது? – வாசகி, ஆத்தங்குடி

சிரித்துக்கொண்டேதான் படித்தேன், ஏனென்றால் என் வீட்டிலும் இந்தக் கடிதத்தை எழுத ஆள் உண்டு.

பத்மினியோடு கம்பெனி கொடுத்த சாமான்களை முதலில் பிரியுங்கள்: ஜாக்கி, ஸ்பேனர் பை, ஸ்டார்ட்டிங் ஹேண்டில், கையேடு, அந்த மாடலின் வீல் கப். காரை விற்கும் நாள் வந்தால் இவை கூட இருப்பது விலையைத் தூக்கும், தனியாக விற்றால் திரும்பக் கிடைக்காது. அடுத்து, வேறு கார்களின் வீல் கப்பும் விளக்கும். இவற்றை அந்த கார்காரர்களிடம் கொடுத்து, தனக்கு வேண்டியதை மாற்றி வாங்கிக்கொள்ளட்டும், பணமே வேண்டாம். மீதி உள்ள டின், போர்டு, ஹாரனில் மூன்று மட்டும் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு வாரம் ஆகும், அந்த வாரத்தில் புதிதாக எதுவும் வராது.

விற்கிற பணத்தைக் கார்புரேட்டருக்கும் பேட்டரிக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் விற்றால், ‘பணம் அனுப்புகிறேன், பின் நம்பர் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிட வேண்டும். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.