ஈரத் துண்டுக்கு ஒரு இடம், காய்ந்த துண்டுக்கு வேறு இடம்

கேள்வி: எங்கள் குளியலறை ஐந்தடிக்கு நாலடி. வீட்டில் ஐந்து பேர். இருப்பதோ ஒரே ஒரு ரெண்டடிக் கம்பி. ஒருத்தர் துண்டின் மேலேயே அடுத்தவர் துண்டும் கிடக்கிறது. துவைத்த துண்டுகளை அடுக்கவும் இடமில்லை. டைல்ஸை உடைக்காமல் ஏதாவது வழி உண்டா?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஈரத் துண்டுக்கு மட்டும் குளியலறைக்குள் இடம் தேடுங்கள். காய்ந்த துண்டுகளுக்கு வெளியே இடம் இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் கம்பியின் நீளத்தைக் கணக்குப் போடுங்கள். பெரிய தேங்காய்ப்பூத் துண்டு 75 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம் இருக்கும். 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) துணி என்றால் காய்ந்த நிலையிலேயே அரைக் கிலோ. அதை விரித்துப் போட இரண்டரை அடிக் கம்பி வேண்டும். மடித்துப் போட்டால் உள்மடிப்பு மறுநாள் வரை ஈரமாகவே இருக்கும். ஐந்து பேருக்குப் பன்னிரண்டரை அடி! அந்த அறையில் அது நடக்காது. ஆகவே அன்றாடத்துக்கு எல்லோரும் ஈரிழைத் துண்டுக்கு மாறுங்கள். நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்துப் போட்டாலும் காய்ந்துவிடும். ஆளுக்குப் பதினைந்து அங்குலம் போதும். ஐந்து பேருக்கு ஆறேகால் அடி. தேங்காய்ப்பூத் துண்டை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஆறேகால் அடிக்கு, நாலடி அகலத்தில் சுவருக்குச் சுவர் இரண்டு பைப் போட்டால் எட்டடி கிடைத்துவிடும். அலமாரியில் சட்டை மாட்டப் போடுகிற அதே 25 மி.மீ. ஸ்டீல் பைப்பும், இரு முனையையும் சுவரில் தாங்கும் சாக்கெட்டும் ஹார்டுவேர் கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். குழாய்க்கு எதிர்ப்பக்கத்துச் சுவரிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளி முதல் பைப், அதிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி இரண்டாவது. தரையிலிருந்து ஆறேகால் அடி உயரம் இருந்தால் தலையில் இடிக்காது, கையும் எட்டும். இரண்டையும் இதைவிட நெருக்கிப் போட்டால் நடுவில் காற்று போகாது.

டைல்ஸ் உடையும் என்று பயப்பட வேண்டாம். அது உடைவதெல்லாம் அவசரத்தால்தான். துளை போடும் முன் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வந்தால் பின்னால் கலவை நிரம்பவில்லை. ஸ்க்ரூவை முறுக்கும்போது அந்த டைல்ஸ் விரியும். வேறு டைல்ஸைத் தேர்ந்தெடுங்கள். விளிம்பிலிருந்து ஒரு அங்குலமாவது உள்ளே தள்ளிக் குறியிடுங்கள். குறியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. டைல்ஸ் பிட்டைப் போட்டு, டிரில் மெஷினில் ஹேமரை (இடித்து இடித்துத் துளைக்கும் முறையை) அணைத்துவிட்டு, மெதுவாகச் சுற்ற விடுங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் சுவர் பிட்டும் ஹேமரும். டைல்ஸ் 8 மி.மீ., பின்னால் கலவை சுமார் 20 மி.மீ.; செங்கல்லுக்குள் ஒரு அங்குலமாவது இறங்க வேண்டும் என்பதால் இரண்டரை அங்குல ஸ்க்ரூ வாங்குங்கள். ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ கலவையோடு நின்று, ஆறு மாதத்தில், துளைக்குள் செருகிய பிளாஸ்டிக் பிளக்கோடு கையில் வந்துவிடும். துளைக்குள் ஒரு சொட்டு சிலிக்கான் விட்டு முடுக்கினால் தண்ணீர் உள்ளே இறங்காது.

ஒரு எச்சரிக்கை: குழாய், கீசர் பாயின்ட், சுவிட்ச் பெட்டி ஆகியவற்றுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், இரு பக்கமும் ஒரு சாண் அளவுக்குத் துளையே போடாதீர்கள். உள்ளே பைப்பும் வயரும் அந்த வழியாகத்தான் போகும்.

காய்ந்த துண்டுகளுக்குக் குளியலறைக் கதவின் வெளிப்பக்கம், நிலைக்கு மேலே பத்து அங்குல அகலப் பலகை ஒன்று போதும். 18 மி.மீ. பிவிசி பலகை வாங்குங்கள். சாதாரண பிளைவுட் உப்பிவிடும். தேங்காய்ப்பூத் துண்டை நீளவாக்கில் மூன்றாக மடித்து இறுக்கிச் சுருட்டினால் ஐந்தரை அங்குலத் தடிமன் வரும். இரண்டரை அடிப் பலகையில் ஐந்து வரிசையாக நிற்கும். அந்த இடத்தில் உள்ளே இருப்பது லிண்டல் கான்கிரீட், ஹேமர் இல்லாமல் துளை இறங்காது.

கேள்வி: வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது என்கிறார்கள். ரப்பர் கப் கொக்கி இரண்டு நாளில் விழுகிறது. சாரல் காலத்தில் துண்டு வாடை வேறு.
வாசகர், தென்காசி

பதில்: ரப்பர் கப் காற்றை வெளியே தள்ளித்தான் ஒட்டுகிறது. சொரசொரப்பான டைல்ஸிலும், உப்புப் படிந்த டைல்ஸிலும், இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின் மேலும் காற்று திரும்பப் புகுந்துவிடும். அதை விட்டுவிடுங்கள். வழவழப்பான டைல்ஸாக இருந்தால் ஒட்டுக் கொக்கி நிற்கும்: எலுமிச்சைச் சாற்றால் உப்பை எடுத்து, கழுவி, முழுதாகக் காயவிட்டு ஒட்டுங்கள், ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டாதீர்கள். கதவு பிவிசி என்றால் உள்ளே கூடு, ஸ்க்ரூ பிடிக்காது. மேல்விளிம்பில் மாட்டுகிற கொக்கிப் பட்டை வாங்கலாம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் கதவு சாத்தாது.

வாடைக்குக் காரணம் ஈரத்தில் பெருகும் பாக்டீரியா. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் ஊர்க் காற்றிலேயே ஈரம்; குளியலறைக்குள் எந்தத் துண்டும் காயாது. குளித்ததும் கூடத்தில் ஃபேனுக்கு நேரே கொடி கட்டிப் போடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் குளித்த பிறகும் இருபது நிமிடம் ஓடட்டும், கதவுக்கு அடியில் அரை அங்குலச் சந்து இருக்கட்டும். காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் ஃபேன் சும்மாதான் சுற்றும். வாடை ஏறிவிட்ட துண்டை நன்றாகச் சுடும் நீரில், டிடர்ஜென்ட்டோடு அரைமணி ஊறவைத்துத் துவையுங்கள். வாசனைக் கண்டிஷனர் வேண்டாம். இழையில் படிந்து துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் செய்துவிடும்.

கேள்வி: ஸ்டீல் கம்பி என்றுதான் வாங்கினேன். ஒரே வருடத்தில் துரு, துண்டிலெல்லாம் கறை. போர் தண்ணீர்தான் புழக்கம்.
வாசகி, வள்ளியூர்

பதில்: அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 202 ரகமாக இருக்கலாம். நிக்கல் குறைவு, உப்புத் தண்ணீருக்குத் தாங்காது. நிக்கல் கூடுதலான 304 ரகம் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. கம்பி 304 ஆக இருந்து ஸ்க்ரூ இரும்பாக இருந்தால் அங்கிருந்தே துரு ஒழுகும். கூடவே வருகிற ஸ்க்ரூவை ஒதுக்கிவிட்டு 304 ஸ்க்ரூ தனியாக வாங்குங்கள். வாரம் ஒருமுறை கம்பியை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் உப்பு படியாது. ஆசிட் ஊற்றித் தரை கழுவுகிற அன்று அதன் ஆவி பட்டாலே 304 கூடப் புள்ளி விழும், அன்று கம்பியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.