பாய்மரம் முறிந்தால் சாகசம், பரிசல் கவிழ்ந்தால் அலட்சியமா?

அன்புள்ள ஐயா,

பழைய பந்தயப் பாய்மரப் படகுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் ஊட்டமலையில் பிறந்தவள். பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அப்பா ஒகேனக்கல்லில் 31 வருடம் பரிசல் ஓட்டினார். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் பரிசல் கவிழ்ந்தது. ஐந்து பேரில் நான்கு பேரை அப்பா கரையேற்றினார். ஒருவர் போய்விட்டார். மறுநாள் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வந்தது. "பரிசல் ஓட்டியின் அலட்சியத்தால்" என்றுதான் அது தொடங்கியது. என்ன நடந்தது என்று அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

உங்கள் கட்டுரையில் பாய்மரம் முறிகிறது, படகுகள் மோதிக்கொள்கின்றன, மூழ்குகின்றன. எல்லாவற்றையும் வீரக்கதை போல எழுதியிருக்கிறீர்கள். பணக்காரர்களின் படகு உடைந்தால் சாகசம், எங்கள் பரிசல் கவிழ்ந்தால் அலட்சியமா? கடலே இல்லாத தருமபுரியில் இருந்துகொண்டு அந்தப் படகுகளைப் பற்றி எழுதும் முன் நம் ஆற்றைப் பற்றி எழுதக் கூடாதா? அப்பா ஒருநாளும் லைஃப் ஜாக்கெட் போட்டதில்லை. ஆறு அவருக்கு அவ்வளவு பழக்கம். அப்படிப்பட்டவரை அலட்சியக்காரர் என்று எழுதிவிட்டார்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஊட்டமலை வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கட்டுரையில் படகுகளின் அழகில் மயங்கி, அவற்றை ஓட்டிய கைகளை விட்டுவிட்டேன். அந்தப் பாதியை இப்போது சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதையும் சொல்கிறேன்.

கட்டுரையில் தாமஸ் லிப்டனைப் பற்றி எழுதியிருந்தேன். நம் வீட்டுத் தேயிலைப் பொட்டலத்தில் பெயர் இருக்கிறதே, அதே லிப்டன். 1890இல் இலங்கை மலைகளில் தோட்டங்களை வாங்கியவர். பழைய சேலம் ஜில்லாவிலிருந்து, அதாவது நம் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த ஜில்லாவிலிருந்தும், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் உண்டு. தேயிலையில் சேர்ந்த பணத்தில் அவர் 'ஷாம்ராக்' என்று ஒரே பெயரில் ஐந்து பந்தயப் படகுகளைக் கட்டி, 1899 முதல் 1930 வரை அமெரிக்கக் கோப்பை என்ற பாய்மரப் பந்தயப் பரிசுக்காக ஐந்து முறை போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். கடைசித் தோல்விக்குப் பிறகு அமெரிக்கர்களே காசு சேர்த்து அவருக்கு ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள்.

1901 மே மாதம் இரண்டாவது ஷாம்ராக் இங்கிலாந்தின் தென்கரையில் வெள்ளோட்டத்தில் இருந்தபோது அதன் பாய்மரம் முறிந்து கடலில் விழுந்தது. அப்போது அரசர் ஏழாம் எட்வர்ட் படகின் மேல்தட்டில் இருந்தார். யாருக்கும் பெரிய காயமில்லை. இரண்டு வருடம் கழித்து, 1903 ஏப்ரலில், மூன்றாவது ஷாம்ராக்கின் பாய்மரமும் அப்படியே முறிந்தது. இம்முறை படகில் வேலை பார்த்த ஒருவர் கடலில் விழுந்து இறந்துபோனார். நான் வாசித்த புத்தகங்களில் அரசர் தப்பிய கதைக்குப் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. இறந்தவருக்குக் கிடைத்தது ஒரு வரி. உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த நான்கு வரியை வாசித்தபோது எனக்கு அந்த ஒரு வரிதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் படகுகளைப் பணக்காரர்கள் வைத்திருந்தார்கள், ஓட்டியவர்கள் வேறு. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கரையில் டோல்ஸ்பரி, பிரைட்லிங்சீ, விவன்ஹோ என்று சிறிய ஊர்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் மீனும் சிப்பியும் பிடித்த அந்த ஊர்க்காரர்கள் கோடையில் பந்தயப் படகுகளில் கூலிக்கு ஏறினார்கள். தாத்தா, மகன், பேரன் என்று தலைமுறையாக அதே வேலை. ஊட்டமலையில் நீங்கள் பார்த்து வளர்ந்த வாழ்க்கைதான், தண்ணீர் மட்டும் வேறு.

1934இல் 'எண்டெவர்' என்ற படகு அமெரிக்கக் கோப்பைக்குக் கிளம்ப இருந்தபோது அதன் கூலியாட்கள் சம்பளத்தை உயர்த்திக் கேட்டார்கள். விமானத் தொழிலதிபரான சாப்வித் அதன் உரிமையாளர். அவர் தர மறுத்தார். கேட்டவர்கள் இறங்கிப் போனார்கள், அவர்கள் இடத்தில் பொழுதுபோக்குக்காகப் படகு ஓட்டுபவர்கள் ஏறினார்கள். ஏறத்தாழ 130 அடி நீளம், அந்தக் காலத்தின் மிக வேகமான படகுகளில் ஒன்று. முதல் இரண்டு பந்தயங்களில் வென்றது. அடுத்த நான்கிலும் தோற்றது. பழகிய கைகள் இல்லாததுதான் காரணம் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

அந்தப் பந்தயம் நடந்தது செப்டம்பரில். அதற்கு முந்தைய மாதம் இங்கே மேட்டூர் அணை திறக்கப்பட்டது. காவிரி தேங்கி, நாகமரையும் பண்ணவாடியும் எதிரெதிர்க் கரைகள் ஆயின. என் கதை அந்தத் தண்ணீரில் இருக்கிறது.

எனக்குப் பதினொரு வயது. ஆடி மாதம். கொளத்தூர்ப் பக்கம் தாய்மாமன் வீட்டுக்குப் போக அம்மாவும் நானும் நாகமரையில் பரிசல் ஏறினோம். எங்களோடு ஏழு பேர், இரண்டு கேழ்வரகு மூட்டை, ஒரு சைக்கிள். ஏற்றக் கூடாத பாரம். ஆனால் அடுத்த பரிசல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் அவசரம். பாதி தூரம் வரை ஒன்றுமில்லை. வெயிலில் இளகிய தாரின் வாசனை மட்டும் நினைவிருக்கிறது. விரலால் தொட்டால் ஒட்டியது. பிறகு மேற்கிலிருந்து காற்று பிடித்தது. ஆடிக் காற்று அந்த அகன்ற நீரில் அடித்தால் ஆற்றில் பார்க்க முடியாத அலை எழும்பும். மூன்றாவது அலையில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. மூட்டைக்காரர் தன் மூட்டையைத் தூக்க எழுந்தார். பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது. பரிசல்காரர் துடுப்பின் கட்டையை அவர் தோளில் வைத்து அழுத்தி உட்காரவைத்தார். அடுத்த நொடி, யாரையும் கேட்காமல், சைக்கிளைத் தூக்கித் தண்ணீரில் போட்டார். அது மூழ்கும்போது பின்சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனது. எல்லோரும் நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும், அசையக் கூடாது, கவிழ்ந்தாலும் பரிசலை விடக் கூடாது என்று கத்தினார். அம்மா தூக்குப்போசியின் மூடியால் தண்ணீரை இறைத்தாள். அவர் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடவில்லை. பரிசலைச் சுற்றவிட்டு, காற்று தள்ளிய திசையிலேயே விட்டு, நாகமரைக்கு வெகுதூரம் கீழே ஒரு சேற்றுக்கரையில் ஒதுக்கினார்.

சைக்கிள்காரர் கரையில் உட்கார்ந்து அழுதார். பரிசல்காரர் யாரிடமும் கூலி வாங்கவில்லை. நாங்கள் நடந்து போய்விட்டோம். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பந்தயப் படகுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதே அந்த நாளால்தான், சகோதரி. காற்று ஒரு படகை என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பந்தயப் படகுக்கு அடியில் ஆழமாக இறங்கும் அடிமரம் உண்டு. நம் கடற்கரைகளில் அதை ஏரா என்பார்கள். அதில் டன் கணக்கில் ஈயம் இருக்கும். காற்று படகைச் சாய்த்தால் ஈயம் இழுத்து நிமிர்த்தும். ஆட்களும் காற்று வரும் பக்கத்துக்கு ஓடிப்போய் உட்காருவார்கள். பரிசலுக்கு ஏராவும் இல்லை, முன்னும் பின்னும் இல்லை. ஒரு முழ ஆழத்திலும் பாறை மேல் வழுக்கிப் போகும். அதற்காகவே அப்படி முடைந்திருக்கிறார்கள். அதை நிமிர்த்தி வைப்பது அதன் அகன்ற அடியும் உட்கார்ந்திருப்பவர்களின் பாரமும்தான். அதனால் அங்கே ஓடிப்போய் இடம் மாறுபவர் படகைக் காப்பாற்றுகிறார், இங்கே எழுந்து நிற்பவர் கவிழ்க்கிறார். அருவியைப் படம் எடுக்க ஒரே பக்கம் நான்கு பேர் எழுந்தால் எந்தத் துடுப்பாலும் பரிசலை நிறுத்த முடியாது. உங்கள் அப்பாவின் பரிசலில் அன்று யார் எழுந்தார் என்று அந்த நான்கு வரியில் இருந்ததா? இருந்திருக்காது.

இனி சாகசமா அலட்சியமா என்ற கேள்வி. அவர்களுடைய விபத்து கதையாக நின்றதற்குப் பணம் ஒரு காரணம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர்கள் எழுதி வைத்தார்கள். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் கடற்பந்தயத்துக்கு 303 படகுகள் கிளம்பின. நடுக்கடலில் புயல். பந்தயத்தில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். பந்தயத்தை நடத்தியவர்கள் 'மாலுமிகளின் அலட்சியம்' என்று முடித்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். காற்று எப்படி இருந்தது, எந்தப் பாய் விரித்திருந்தது, ஆளைப் படகோடு பிணைக்கும் வாரின் எந்தக் கொக்கி விட்டுப்போனது, படகை எப்போது விட்டிறங்கினீர்கள், ஏன் என்று கேட்டார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அறிக்கை வந்துவிட்டது. கைவிடப்பட்ட 24இல் ஐந்துதான் மூழ்கியிருந்தன. மற்றவை புயலுக்குப் பிறகும் மிதந்துகொண்டிருந்தன. அவற்றை விட்டு ரப்பர் மிதவைகளுக்கு மாறியவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். மிதக்கும் வரை படகை விடாதே என்ற பாடம் அங்கே அச்சில் ஏறியது. நாகமரையில் பெயர் தெரியாத ஒரு மனிதர் எங்களிடம் கத்தியதும் அதுதான். அது அந்தக் காற்றோடு போய்விட்டது.

1995இல் பிரான்ஸில் சான்-ட்ரோபே ஊரில் பழைய படகுகளின் பந்தயத்தில் 'மேரியட்' என்ற பெரிய படகு சிறிய படகு ஒன்றின் மேல் மோதியது. ஒருவர் இறந்தார். அந்தப் பந்தயம் நின்றுபோய், 1999இல் வேறு பெயரில்தான் மீண்டும் தொடங்கியது. ஓர் உயிருக்காக ஒரு திருவிழாவையே நிறுத்தி வைத்தார்கள்.

இப்போது நான் ஏற்காத வரிக்கு வருகிறேன். அப்பா லைஃப் ஜாக்கெட் போட்டதில்லை என்பதை அவர் திறமைக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

எரிக் தபார்லி என்று ஒரு பிரெஞ்சு மாலுமி. 1964இலும் 1976இலும் அட்லாண்டிக்கைத் தன்னந்தனியாகக் கடக்கும் பந்தயத்தில் வென்றவர். அவருடைய 'பென் டுயிக்' 1898இல் கட்டியது. அவர் சிறுவனாக இருந்தபோது அவர் அப்பா வாங்கியது. மரம் உளுத்துப்போய் இனி தேறாது என்று மற்றவர்கள் கைவிட்ட நிலையில், பழைய உடலையே அச்சாக வைத்துப் புது உடல் வார்த்து அதைப் பிழைக்கவைத்தார். நம்மூரில் மூங்கில் கூடு நன்றாக இருந்தால் மேலே புதுப் போர்வை போட்டுத் தார் பூசிக்கொள்வோமே, அதைப் போன்ற வேலைதான். 1998 ஜூன் மாதம், அந்தப் படகுக்கு நூறு வயது நிறைந்த வருடத்தில், பழைய படகுகள் கூடும் விழா ஒன்றுக்காக ஸ்காட்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வேல்ஸ் கரைக்கு அப்பால் நடு இரவில் பாய் மாற்றும்போது பாயின் மேற்கட்டை அசைந்து அவரை இடித்துக் கடலில் தள்ளியது. படகோடு பிணைக்கும் வாரை அவர் கட்டியிருக்கவில்லை. வார் கட்டுவது அவருக்குப் பிடிக்காது. கூட இருந்தவர்களால் இருட்டில் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பல வாரம் கழித்து ஒரு மீன்பிடிப் படகின் வலையில் உடல் கிடைத்தது. அவருக்கு 66 வயது. அந்தப் படகை அவரைவிட அறிந்தவர் உலகத்தில் இல்லை.

உங்கள் அப்பாவுக்கு ஆறு பழக்கம் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. நுரையையும் நிறத்தையும் பார்த்தே மேலே தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று சொல்லக்கூடிய பெரியவர்களை நான் சின்னாற்றுத் துறையில் பார்த்திருக்கிறேன். பிலிகுண்டுலுவில் அளவு எடுத்துச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். ஆனால் பாறையில் தலை மோதி நினைவு தப்பியவனுக்கு நீச்சல் உதவாது. ஓட்டுகிறவர் லைஃப் ஜாக்கெட் போடாமல் இருந்தால், ஏறுகிறவர்களும் அதைச் சடங்காக நினைத்து வாரைக் கட்டாமல் தோளில் தொங்கவிடுகிறார்கள். இன்று துடுப்புப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு அப்பாவே இதைச் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அன்று நடந்ததை அப்பா வாயால் கேட்டு எழுத வேண்டும். எத்தனை மணி, தண்ணீர் எவ்வளவு, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், பரிசல் எந்தப் பக்கம் சாய்ந்தது, துடுப்பு கையில் இருந்ததா, முதலில் யாரைப் பிடித்தார், ஐந்தாவது ஆளை எங்கே கடைசியாகப் பார்த்தார். அவர் செய்த தவறு ஏதாவது இருந்தால் அதுவும் வரட்டும். அவருக்கு இது எளிதாக இருக்காது என்று தெரியும். பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடலாம்.

ஆடிப்பெருக்குக் கூட்டம் வடிந்த பிறகு நான் ஊட்டமலைக்கு வருகிறேன். அவர் சொல்வதை அவர் சொன்ன வரிசையிலேயே இந்தத் தளத்தில் வெளியிடுவேன். பெயரோடா, பெயரில்லாமலா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவருக்குக் காலையில் பேசுவது தோதா, மாலையிலா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.