கடைக் கணினியில் இன்னொருவருக்கு அட்மின் உரிமை: யாருக்கு எவ்வளவு?

மதுரை மேலமாசி வீதிப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. கடையில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட கணினி. அட்மின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும் இருக்கிறது. சித்திரைத் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று வேலை குவிந்து கிடக்கும்போது அவர் வெளியூரில் இருந்தால், பிரிண்டர் நின்றுபோனாலும் சரிசெய்ய ஆளில்லை. தன் தம்பிக்கும் வேலை பார்க்கும் பையனுக்கும் அட்மின் உரிமை கொடுக்கலாமா, எப்படிக் கொடுப்பது?

தம்பிக்குத் தாராளமாகக் கொடுங்கள். பையனுக்கு அது தேவையே இல்லை. ஆனால் உங்கள் பாஸ்வேர்டை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் மூன்று பேர் நுழைந்தால், எதையாவது அழித்தது யார் என்று பதிவைப் பார்த்தாலும் தெரியாது. ஆளுக்கொரு கணக்கு இருந்தால், எந்தக் கணக்கிலிருந்து எத்தனை மணிக்கு எந்தக் கட்டளையை சூடோ (அட்மின் உரிமையோடு கட்டளையை ஓட்டவைக்கும் நிரல்) போட்டு ஓட்டினார்கள் என்பது வார் லாக் அடைவிலுள்ள ஆத் லாக் கோப்பில் வரிவரியாக விழும்.

தம்பியின் கணக்கை 'சூடோ' என்ற குழுவில் சேர்த்தால் போதும். ஃபெடோரா, ரெட் ஹேட் வகை லினக்ஸ்களில் இதே குழுவுக்கு 'வீல்' என்று பெயர். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலில், இந்த வரிசையில் அடியுங்கள்: சூடோ, யூசர்மாட், ஒரு ஹைபனை ஒட்டிச் சிறிய ஏ, பெரிய ஜி, அடுத்து குழுவின் பெயர், கடைசியில் தம்பியின் பயனர்பெயர். அந்தச் சிறிய ஏ 'ஏற்கெனவே இருப்பதோடு சேர்' என்று சொல்லும் எழுத்து. அதை விட்டுவிட்டுப் பெரிய ஜி மட்டும் அடித்தால், அவர் இருந்த மற்ற துணைக் குழுக்களிலிருந்தெல்லாம் பெயர் நீங்கிவிடும். இதையே உங்கள் சொந்தக் கணக்குக்குச் செய்து, குழுவின் பெயரையும் மாற்றி அடித்துவிட்டால், உங்கள் சூடோ உரிமையே போய்விடும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

சேர்த்த கையோடு தம்பி முயன்று பார்த்தால் 'நீங்கள் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை' என்றுதான் வரும். யாருக்கு என்ன சூடோ அனுமதி என்று எழுதிவைத்திருக்கும் கோப்பு அது. பயப்பட வேண்டாம். குழு மாற்றம் அடுத்த லாகினில்தான் பிடிக்கும். முழுதாக லாக் அவுட் செய்து திரும்ப நுழையச் சொல்லுங்கள்.

பையனுக்கு 'எல்பி அட்மின்' என்ற குழு போதும். பிரிண்டர் சேர்ப்பது, நின்ற வரிசையை ஓடவைப்பது, அடுத்தவர் அனுப்பிச் சிக்கிய வேலையை ரத்து செய்வது எல்லாம் அந்தக் குழுவுக்கு முடியும். கணினியின் மற்ற எதையும் தொட முடியாது. உபுண்டுவின் பாதுகாப்பு அப்டேட்டுகள் வழக்கமான அமைப்பில் தானாகவே இறங்கிவிடுவதால், அதற்காகவும் பையனுக்கு சூடோ வேண்டியதில்லை.

சில சமயம் அச்சுச் சேவையான கப்ஸையே மறுபடி துவக்கவேண்டி வரும். அந்த ஒரு கட்டளையை மட்டும் பையனுக்கு அனுமதிக்கலாம். ஈடிசி அடைவில் உள்ள 'சூடோயர்ஸ் டி' உள்ளடைவில் ஒரு தனிக் கோப்பை, இந்தக் கோப்புகளைத் திருத்துவதற்கென்றே உள்ள வைசூடோ மூலம் திறந்து, கட்டளையின் முழுப் பாதையோடு, 'ரீஸ்டார்ட் கப்ஸ்' என்பது வரை எழுதுங்கள். கோப்பின் பெயரில் புள்ளி வரக்கூடாது. வந்தால் சூடோ அதைப் படிக்காமல் விட்டுவிடும். 'வி' போன்ற எடிட்டரை மட்டும் ஒருபோதும் இப்படி அனுமதிக்காதீர்கள். அதற்குள்ளிருந்தே ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) ஷெல் திறந்து எந்தக் கட்டளையும் ஓட்டலாம் என்பதால் முழு உரிமையும் கொடுத்த மாதிரிதான்.

சாதாரண எடிட்டரில் சூடோயர்ஸ் கோப்பைத் தொடவே வேண்டாம். வைசூடோவில் பிழையோடு சேமித்தால் 'இப்போது என்ன?' என்று நிறுத்திக் கேட்கும். சிறிய ஈ அடித்தால் திருத்தலாம், சிறிய எக்ஸ் அடித்தால் சேமிக்காமல் வெளியேறலாம். பெரிய க்யூ பிழையோடு அப்படியே சேமித்துவிடும். பழைய பதிப்புகளில் அந்த ஒரு பிழைக்கே சூடோ மொத்தமாக வேலை செய்ய மறுக்கும், பிறகு கணினியைப் பழுதுபார்க்கத் துவக்கும் ரெக்கவரி மோடில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். ஆகவே இந்த வேலையைத் தொடங்கும் முன்பே இன்னொரு டெர்மினலில் சூடோ, ஹைபன் ஐ அடித்து ரூட்டாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் கணக்கிலும் பையனின் கணக்கிலும் சூடோ, ஹைபன் எல் அடித்து, அவரவருக்கு என்ன அனுமதி என்று பார்த்த பிறகே அந்த ஜன்னலை மூடுங்கள்.

பையன் வேலையை விட்டுப் போனால் குழுவிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, அந்தத் தனிக் கோப்பையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.