பைனாரல் பீட்ஸ் கேட்டால் மூளை அலைகள் மாறி மனம் அமைதியடையுமா?

ஒலியால் மனம் அமைதியடைவது உண்மைதான். ஆனால் மூளை அலைகள் மாறுவதால்தான் என்று பைனாரல் பீட்ஸ் செயலிகள் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹெட்போனில் இடது காதுக்கு 200 ஹெர்ட்ஸ், வலது காதுக்கு 210 ஹெர்ட்ஸ் என இரண்டு சீரான ஒலிகளைக் கொடுத்தால், நொடிக்குப் பத்து முறை துடிக்கும் ஓர் ஒலி தலைக்குள் கேட்கும். இதுதான் பைனாரல் பீட்ஸ். ஒரு காதிலிருந்து ஹெட்போனை எடுத்த உடனே துடிப்பு நின்றுபோய், சீரான ஒலி மட்டும் எஞ்சும். காற்றில் எங்குமே இல்லாத அந்தத் துடிப்பு, இரு காதுகளின் சமிக்ஞைகளும் ஒன்றுசேரும் மூளைத்தண்டில் பிறக்கிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் டோவே 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டறிந்துவிட்டார்.

மனம் தளர்ந்திருக்கும்போது மூளையில் எழும் ஆல்ஃபா அலை 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை இருப்பதால், 10 ஹெர்ட்ஸ் துடிப்பைக் கேட்டால் மூளையும் அதே தாளத்துக்கு வந்துவிடும் என்று முடிவுகட்டுவதில்தான் சிக்கல். 2023இல் வெளியான ஒரு மறுஆய்வு, இதுபற்றிய 14 ஆய்வுகளை ஒப்பிட்டது. அவற்றில் ஐந்து மட்டுமே இக்கருத்தை ஆதரித்தன, எட்டு மறுத்தன, ஒன்று இரண்டுங்கெட்டானாக இருந்தது.

எனக்கு நம்பிக்கை தருவது மூச்சின் வழி. இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டி குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 24 பேருக்கு இந்திய ராகம் முதல் டெக்னோ என்னும் மின்னணு நடன இசை வரை ஆறு வகை இசையை ஒலிக்கச் செய்து, மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். தாளம் விரைந்தபோது இம்மூன்றும் ஏறின. இசைக்கு நடுவே விட்ட இரண்டு நிமிட மௌனத்திலோ, இசை தொடங்குவதற்கு முன்பிருந்த அளவைவிடவும் அவை கீழே இறங்கின. ஆய்வாளர்களே எதிர்பாராத இந்த முடிவுதான் என்னை மிகவும் ஈர்த்தது. அதே குழு 2001இல், ஜெபமாலையோ மந்திரமோ உச்சரிப்பவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைவதையும் காட்டியிருந்தது. மூச்சை நிதானமாக வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் சென்று அதை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி, இதயத் துடிப்பு தணிகிறது.

ஆகவே, நீங்கள் எந்த ஹெர்ட்ஸ் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான் இரவில் சுருதிப் பெட்டியின் ஒலியை மிக மெல்லியதாக வைத்து, அதனோடு சேர்ந்து முணுமுணுப்பேன்; மூச்சு தானாகவே நீளும். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். அந்த இடைவெளியைத் தவறவிடாதீர்கள். உடல் மிகவும் தளர்வது அப்போதுதான்.