பித்தளையில் அம்மம்மாவின் முகம்

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: அம்மம்மாவின் படத்தைப் பித்தளைத் தகட்டில் புள்ளி புள்ளியாகக் கொத்துகிறேன். கவராயத்து ஊசியும் சின்னச் சுத்தியலும்தான் கருவி. கூந்தல் குழி குழியாகிவிட்டது, கன்னம் சொரசொரக்கிறது, தகடும் வளைந்துவிட்டது. என்ன பிழை?

முதலில் அந்தச் சுத்தியலை எடுத்து வையுங்கள் தம்பி. கோயில் யந்திரத் தகட்டில் கோடு வெட்டுகிறவருக்கு அது உதவும். முகத்துக்கு ஆகாது. கூந்தல் கறுப்பாக வர வேண்டும் என்று ஓங்கி அடித்திருப்பீர்கள். ஒவ்வோர் அடிக்கும் உலோகம் பக்கவாட்டில் தள்ளப்படும். மேற்பரப்பு மட்டும் விரிய விரியத் தகடு முதுகு வளைக்கும். கறுப்பைத் தருவது புள்ளிகளின் நெருக்கம். 1500களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஜூலியோ கம்பஞோலா அச்சுத் தகடுகளில் நிழல் காட்டியதும் புள்ளிகளை அடர்த்தியாக்கித்தான்.

கவராயத்து ஊசி சீக்கிரம் மழுங்கும். உடைந்த சிறு டிரில் பிட் ஒன்றைச் சாணைக்கல்லில் கூராக்கி, மரப்பிடியில் செருகுங்கள். ஊசிபோல் மெலிய வேண்டாம், முனை முறியும். நகத்தில் சாய்த்து வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். வழுக்கினால் திரும்பத் தீட்டுங்கள். தகடு 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அரக்கு உருக்கி மரப்பலகையில் ஒட்டிவிட்டால் அசையாது.

படத்தை ஏற்றுவது சுலபம். ஃபோட்டோ கொப்பிக் கடையில் லேசர் பிரதி, இடம் வலம் மாற்றி எடுங்கள். அதைத் தகட்டின் மேல் கவிழ்த்து, அசிட்டோன் நனைத்த பஞ்சால் அழுத்தினால் மை இறங்கிவிடும். இன்க்ஜெட் பிரதியில் இது நடக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

சரி, இனிக் கொத்து. கருவியை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்துக் கைப்பலத்தால் மட்டும் அழுத்துங்கள். முகம் முழுக்க ஐதான புள்ளிகளை முதலில் போட்டுவிட்டு, நிழல் இடங்களுக்குத் திரும்பி வந்து இடைவெளிகளை நிரப்புங்கள். அப்புறம் இன்னொரு சுற்று. வரிசையாகப் போட்டால் கண் அதைக் கோடாகப் படிக்கும். அம்மம்மாவின் கன்னம் சொரசொரத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கண்மணியின் ஒளிப்பொட்டைத் தொடவே வேண்டாம். அங்கே தவறி ஒரு புள்ளி விழுந்தால், மேலோட்டமானது என்றால் மினுக்கிய இரும்புக் கம்பியால் அழுத்தித் தேய்த்து ஓரளவு மறைக்கலாம். ஆழமானது போகாது.

வெறும் விளக்கொளியில் பித்தளை பளிச்சிட்டு ஏமாற்றும். விளக்குக்கு முன் ஒரு ட்ரேசிங் தாளைத் தொங்கவிடுங்கள். வாட்ச் திருத்துகிறவர்கள் கண்ணில் செருகும் லென்ஸ் போதும். அரை மணிக்கு ஒருதடவை கழற்றிவிட்டு, கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். லென்ஸுக்குள் அழகாகத் தெரிவது வெளியே மூக்கில்லாத முகமாக இருக்கும். நானும் அப்படி ஒரு மூக்கைத் தொலைத்தவன்.

கடைசியில் கறுப்பு எனாமலைத் தேய்த்து, காய்வதற்குள் மேலே உள்ளதைத் துடைத்துவிடுங்கள். நம் பக்கம் கடல்காற்றும் வாவிக்காற்றும் சேர்ந்து பித்தளையைக் கறுக்க வைக்கும். கைரேகையைத் துடைத்து அன்றே தெளிந்த வார்னிஷ் பூசுங்கள். கருவி முனையை எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் துருதான் காத்திருக்கும்.